ரோஸ்லின் அக்கா மாடிக்குப் போன கோடை

செய்தி வந்தபோது நான் மந்தைவெளிக் கடையில் ஒரு பம்ப் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, எரிந்துபோன கம்பியை உருவிக்கொண்டிருந்தேன். கை முழுக்க வார்னிஷ். முழங்கையால் போனைத் தள்ளி எடுத்தேன். பேசியவர் அந்தோணி, அக்காவின் தம்பி.

"அண்ணே, அக்கா பூட்சுண்ணே. மத்தியானம் துன்னுட்டுப் படுத்துச்சு. டீக்கு எயுப்பப் போனா எந்திரிக்கல."

மனுஷன் அழுதுகொண்டே சொல்கிறார். எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? கடலோரக் குப்பத்தில் தம்பியின் பேத்திக்கு ஞானஸ்நானம் என்று போனாரே, போகும்போது எங்கள் மாடியில் காஸை அணைத்துவிட்டுப் போனாரா என்பதுதான். என் புத்தி அப்படி. பெரிய பயம் வாசலில் வந்து நின்றால், உள்ளே வரவிடாமல் ஒரு சின்னப் பயத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி, மாடி ஏறிப் பார்த்தேன். காஸ் அணைந்திருந்தது. டீ குடித்த டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

நம் தெருவில் அக்காவுக்கு ஒரு இரங்கல் கூட்டம் வைக்கப்போகிறோம், நீதான் எழுதித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். பத்தாவதோடு ஐ.டி.ஐ.க்குப் போனவன் நான். மோட்டாருக்குக் கம்பி சுற்றச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவேன். எழுதச் சொன்னால் பேனா மூடியைத் தேடவே அரை நாள் ஆகிறது. ஆனாலும் அக்காவை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு அவர் ஊசி போட்டிருக்கிறார். மீதிப் பேருக்கு ஊசி வேண்டாம், மோரைக் குடித்துவிட்டுத் தூங்கு என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆகவே உங்களுக்குத் தெரியாததை மட்டும் சொல்கிறேன்.

அவர் எங்கள் வீட்டின் கீழ்ப் பகுதிக்குக் குடிவந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அடையாறில் ஒரு நர்ஸிங் ஹோமில் நர்ஸாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் எப்போது வரும், கரண்டுக்குத் தனி மீட்டரா என்று கேட்பார்கள். அக்கா வீட்டுக்குள்ளேயே வரவில்லை. முன்னால் இருந்த வெற்று இடத்தில் குந்தி, ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார்.

"உப்பு இல்ல," என்றார். "நாங்க பொறந்த எடம் பூரா மணலு. தென்னையத் தவுத்து ஒண்ணியும் நிக்காது. இங்க இன்னா வச்சாலும் வரும்."

"வீட்டைப் பாக்கலையா?" என்றேன்.

"வூடுன்னா செவுரு இருக்கும், கூரை இருக்கும். அத்த இன்னாத்தப் பாக்கறது ஓனரே?"

அன்றிலிருந்து நான் ஓனர்தான். என் பெயரை அவர் வாயால் கேட்டதே இல்லை.

ஒரு மாதம் கழித்துக் கடையிலிருந்து வருகிறேன், வாசலில் இரண்டு குழிகள். பக்கத்தில் கறுப்புப் பையில் இரண்டு ஒல்லிக் கன்றுகள். அடையாறு நர்சரியிலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். கிரேப் மிர்ட்டில் என்று நர்சரிக்காரர் பெயர் சொல்லிக் கொடுத்திருந்தார். சாலையோரங்களில் ஊதாவாகப் பூத்து நிற்குமே பூமருது, அதற்குத் தங்கச்சி முறை. எனக்குப் பூ கண்ணில் படவில்லை. குழிதான் பட்டது. ஒரு குழி சம்ப்புக்கு, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்கு, ஒரு முழம் தள்ளி இருந்தது. குழாயில் அளந்து வரும் மெட்ரோ தண்ணீரை நம்பிக் குடும்பம் நடத்துகிறவனுக்குத் தெரியும், சம்ப் என்றால் என்ன என்று.

"அக்கா, வேர் போய் சம்ப்பை ஒடைச்சிடும்."

"இது அவ்ளோ ரௌடி மரம் இல்ல ஓனரே. ஒல்லிப் புள்ள. உன் சம்ப்ப வச்சிக்கினு அது இன்னா பண்ணப் போவுது?"

அதற்கப்புறம் சம்ப் கழுவ ஆள் வந்தால் அவரை மேலே நிற்க வைத்துவிட்டு நானே டார்ச்சோடு உள்ளே இறங்குவேன். சுவர் சுவராகத் தடவிப் பார்ப்பேன். இன்றுவரை ஒரு வேரும் வரவில்லை. அதனால் நிம்மதி வந்ததா என்றால், இல்லை. அடுத்த வருடம் வரலாம் இல்லையா?

மரத்தைப் பற்றி அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். ஒன்றும் தெரியாது. மீன்கார வீட்டுப் பெண், செடிக்கு எது சத்து என்று யோசித்தவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். அந்தோணி வாரா வாரம் குப்பத்திலிருந்து மீன் செதிலும் குடலும் வாளியில் கொண்டுவந்து கொடுப்பார். அக்கா புதைப்பார். மந்தைவெளியில் உள்ள பூனை எல்லாம் எங்கள் வாசலில் சங்கம் வைத்தது. கன்றுகள் இரண்டும் தளதளவென்று வளர்ந்தன. இலை என்றால் அப்படி ஓர் இலை. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. இரண்டு கோடை அப்படியே போயிற்று. என் மனைவி மல்லிகா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்துக்கு ரெண்டு முருங்கையாவது வெச்சிருக்கலாம்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வாள். அக்காவுக்கும் கேட்கும்.

கடைசியில் யாரோ சொல்லி வாளி வருவது நின்றது. தை மாதம் இலையெல்லாம் உதிர்ந்து மரம் குச்சியாக நின்றபோது அக்கா கிளை நுனிகளை வெட்டிவிட்டார். செத்துப்போன மரத்தை எதற்கு வெட்டுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். சித்திரையில் ஒவ்வொரு நுனியிலும் மிளகு மிளகாக மொட்டு. ஒரு மரத்தில் ரோஸ், ஒன்றில் வெளிர் ஊதா. அக்கா ஒரு இதழை என் முன்னால் நீட்டினார்.

"பாரு, சுளுக்குக்குக் கட்டுவோமே கிரேப் பேண்டேஜ், அது மாதிரியே சுருங்கிக்கினு கீது. ரெண்டு வருசம் ரொம்ப ஊட்டிட்டேன் ஓனரே. கொஞ்சம் காயப் போட்டாத்தான் இதுக்குப் பூக்கணும்னு தோணும் போல."

நம் தெருவில் விடிகாலையில் பிளாஸ்டிக் பையும் கொக்கிக் கம்புமாகப் பூப்பறிக்க வருகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்ல வேண்டாம், இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அரளி, நந்தியாவட்டை, பவழமல்லி, எதுவும் தப்பாது. முதல் முதலாக இந்த மரம் கொத்துக் கொத்தாய் நின்ற காலையில் எதிர் வீட்டு மாமி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டதை மாடியிலிருந்து நான் கேட்டேன்.

"ஏண்டி ரோஸ்லின், இப்படிப் பூத்துண்டு நிக்கறதே, இது ஸ்வாமிக்கு ஆகுமோ?"

"ஆவாது மாமி. மாலை கட்டுனா கசங்கிப்பூடும்."

"தலைக்கு?"

"வாசனை இல்லியே."

"காயாவது காய்க்குமோ?"

"கொட்டைதான் வரும். துன்ன முடியாது."

"அப்போ யாருக்குடி இது?"

"நமக்குத்தான் மாமி. நின்னு பாருங்களேன்."

மாமி நின்றார். மறுநாளும் வெறும் பையோடு வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அடுத்த வீட்டு அரளிக்குப் போனார். நான் நின்றேனா? எனக்கு எங்கே நேரம்? மேற்கு வெயில் அடிக்கிறது என்று மாடியில் அந்தப் பக்கத்து ஜன்னலுக்குத் தடித் துணியில் திரை போட்டு வைத்திருந்தோம். பூ திரைக்குப் பின்னால் பூத்தது.

இப்போது போன வருடத்துக்கு வருகிறேன். எழுத நினைத்ததே அதைத்தான்.

என் மகள் நித்யா ஓசூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்குத்தானே அழைத்து வர வேண்டும்? வளைகாப்பு தேதி குறித்தாயிற்று. அதற்குள் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏற ஆரம்பித்தது. மயிலாப்பூரில் பிரசவம் பார்க்க ஒத்துக்கொண்ட டாக்டரம்மா மூன்று சொன்னார். மாடிப்படி ஏறக்கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், மனசை அமைதியாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டும் மகளுக்கு. மூன்றாவதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

எங்கள் வீட்டு மாடிப்படி உங்களுக்குத் தெரியும். வெளிப்பக்கம், செங்குத்தாக, நடுவில் ஒரு திருப்பம். கீழே அக்கா. அறுபதைத் தாண்டி ரிட்டயர் ஆகி, இரண்டு முட்டியும் தேய்ந்து, வாசற்படி இறங்கவே கதவைப் பிடிக்கிறவர். ஊர் ஓனர்கள் எல்லாம் ஒரே வார்த்தையில் காலி பண்ணச் சொல்கிறார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. தினமும் கடைக்குப் போகும்போது அவர் வாசலில் நின்று, "அக்கா…" என்பேன். "இன்னா?" என்பார். "வெயில் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். மகளை எங்கே படுக்க வைப்பது என்று சோறு இறங்கவில்லை. மகளுக்கு ஏறுகிற அழுத்தம் எனக்கும் ஏறியது.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனை எப்போதும் மோட்டாரைத் தூக்குகிற யோசனைதான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் தூக்கினால் மாடிக்குப் போய்விடலாம். ஒத்திகைக்கு மல்லிகாவை உட்கார வைத்தேன். பின்னால் பிடிக்கப் பக்கத்து வீட்டு டிரைவர். திருப்பத்தில் நாற்காலிக் கால் வளைந்தது. மல்லிகா கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு, "விடுங்க! என்னை விடுங்க! பொண்ணுக்குப் பிரசவம், எனக்குக் காரியமா?" என்று கத்தினாள். டிரைவர் விடவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் முனகினார்.

கீழே கையைக் கட்டிக்கொண்டு அக்கா நின்றிருந்தார்.

"இன்னா ஓனரே, சாமி பொறப்பாடா?"

இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "உங்களைக் காலி பண்ணச் சொல்லலை அக்கா" என்று வேறு சேர்த்தேன்.

"காலி எவன் பண்றான்? நா மேல போறேன். நீங்க கீழ வாங்க. இத்த ஒரு வார்த்த கேட்டா உன்ன நா கடிச்சித் துன்னுடுவேனா?"

"உங்க முட்டி?"

"முட்டி என்னுது. அத்த நீ ஏன் தூக்கிக்கினு அலையற?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தோணியும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். மேல் கட்டில் கீழே வந்தது, கீழ்க் கட்டில் மேலே போனது. ஒரு கவலை தீர்ந்தது என்று நினைத்தேன். இல்லை. இரண்டானது. கீழே மகள் எழுந்தால் பயம், மேலே அக்கா நடந்தால் பயம். காலையில் அவர் படி இறங்கி வருவார், நித்யாவுக்குப் பிரஷர் பார்க்க. அவர் முட்டி 'கடக்' என்னும் சத்தம் கேட்டு நான் குளியலறையிலிருந்து எட்டிப் பார்ப்பேன். "போ, முதுகுல சோப்பு கீது" என்பார். பால், கறிகாய்க்கு ஒரு கூடையில் கயிறு கட்டி மேலிருந்து இறக்கிக்கொண்டார்.

அவர் மாடிக்குப் போன மறுநாளே அந்தக் கூடையில் ஒன்று இறங்கி வந்தது. மடித்து வைத்த எங்கள் ஜன்னல் திரை.

"இத்த நீயே வச்சிக்கோ."

"மேற்கு வெயில் அடிக்குமேக்கா."

"அடிக்கட்டும். நீ மேல வா ஒரு தபா."

என் வீட்டு மாடிக்கு நானே விருந்தாளியாகப் போனேன். டீ கொடுத்தார். ஜன்னல் திறந்திருந்தது. இந்த மரத்துக்குப் பூ நுனியில்தான், அது உங்களுக்கே தெரியும். கீழே நின்றால் கொய்யா மரம் போல வழவழத் தண்டும் இலையின் அடிப்பக்கமும்தான். பூவெல்லாம் மேலே, எங்கள் ஜன்னல் கட்டைக்கு நேராக, கையை நீட்டினால் படுகிற தூரத்தில் இருந்தது. நட்டு வளர்த்தவர் இத்தனை வருடம் கீழே உட்கார்ந்து கழுத்தை அண்ணாந்துகொண்டிருந்திருக்கிறார். நாங்கள் திரை போட்டுக்கொண்டு மேலே இருந்திருக்கிறோம்.

"இத்தினி வருசமா இங்க குந்திக்கினு இன்னா பண்ண ஓனரே?" என்றார். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கரண்டு பில்லைப் பாத்துக்கிட்டிருந்தேன்," என்றேன்.

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. கீழே நித்யா நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. டீயை வைத்துவிட்டு ஓடினேன்.

கத்திரி வெயில் தொடங்கியது. நித்யாவுக்கு வீட்டுக்குள் புழுக்கம் தாங்காது. சாயங்காலம் மரத்தடியில் ஈஸி சேர் போட்டு உட்காருவாள். அக்கா மேல் ஜன்னலில் உட்காருவார். இரண்டு பேரும் பூவுக்கு நடுவே பேசிக்கொள்வார்கள். "அத்தை, வண்டு வந்திருக்கு பாருங்க, கறுப்பா." "பாத்தேன், உங்கப்பன் மாதிரியே நிக்காம சுத்துது."

ஒரு நாள் நானும் வீட்டில்தான் இருந்தேன். நித்யா காலையிலிருந்து தலைவலி என்றாள். "இந்த வெயிலுக்கு யாருக்குத்தான் தலை வலிக்கல?" என்று மல்லிகா நெற்றியில் தைலம் தடவினாள். காலையில் அக்கா பிரஷர் பார்த்தபோது வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. சாயங்காலம் மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். கண்ணைக் கசக்கினாள். மறுபடியும் கசக்கினாள். மேலிருந்து அக்கா குரல் வந்தது.

"நித்யா, மேல பாரும்மா. என் கைக்கு நேரா எத்தினி கொத்து கீது, சொல்லு."

நித்யா அண்ணாந்தாள். "தெரியலை அத்தை… எல்லாம் கலங்கலா இருக்கு. பூவைச் சுத்திப் பளிச் பளிச்சுன்னு மின்னுது."

மேலே நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. படியில் அக்காவின் காலடி. கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் இறங்குகிறார். முட்டி சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவு வேகம். பிரஷர் கருவியைக் கட்டி, காற்றை அடித்து, இறக்கிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"ஓனரே, ஆட்டோ கூப்புடு. மல்லிகா, ஃபைல எடு. பொடவைய மாத்தாத, கெளம்பு."

"எவ்வளவு அக்கா?"

"ஆட்டோன்னேன்."

நான் ஓடினேன். ஓடிப்போய் ஆட்டோவை அழைத்து வந்து, எல்லோரையும் ஏற்றி, அவசரத்தில் வாசல் கேட்டைப் பூட்டி, சாவியை உள்ளே இருந்த பூத்தொட்டியில் போட்டேன். திரும்பி வந்தால் எப்படித் திறப்பது என்று யோசிக்கவில்லை. ஒரு காலில் என் செருப்பு, இன்னொன்றில் மல்லிகாவின் செருப்பு. ஆட்டோவில் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் அக்கா நித்யாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போனில் பேசிக்கொண்டு வந்தார். குரல் ஏறவில்லை. கடையில் துணிக்கு அளவு சொல்வது போலச் சொன்னார். மாட வீதிப் பக்கம் ஏதோ சாமி ஊர்வலம், வண்டிகள் நின்றன. என் வாழ்நாளில் முதல் தடவையாகச் சாமியை நகரச் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது. நேராக உள்ளே கொண்டுபோனார்கள். ஆபரேஷன் என்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். வெளியே ஒரு இரும்பு பெஞ்ச். மல்லிகா சுவரோரம் நின்று உதடு அசையாமல் வேண்டிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்தேன், பக்கத்தில் அக்கா. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு என்ன சொன்னேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

"இப்பவாவது சொல்லுக்கா, எவ்வளவு இருந்துச்சு?"

"சொன்னா உனக்கு ஏறிக்கும். உன்ன எந்த வார்டுல சேர்க்கறது?"

அக்கா என் முழங்காலின் மேல் கை வைத்தார்.

"பயந்துக்கோ ஓனரே. பயப்படாதன்னு நா சொல்ல மாட்டேன், எனுக்கும் பயந்தான். ஆனா கால ஆட்டாத. பெஞ்சு ஆடுது."

நித்யாவுக்குப் பெண் பிறந்தாள். எடை குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் அங்கே இருந்தாள். அக்கா அந்தக் கண்ணாடி முன்னால் நின்று, "மூக்கு மட்டும் உங்கப்பனுதா வந்துடக்கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கினேன் நித்யா. கேக்கல" என்றார். என் மகள் அன்றுதான் முதலில் சிரித்தாள்.

மூன்றாம் மாதம் மகளும் பேத்தியும் ஓசூர் போன பிறகு நான் மாடிக்குப் போய், "அக்கா, இனிமே நீங்க கீழ வந்துடலாம்" என்றேன். அப்போது இரண்டாவது பூப்பு. வாடின கொத்துகளைப் பேண்டேஜ் வெட்டுகிற கத்தரியால் ஜன்னலிலிருந்தே நறுக்கிவிட்டு, மறுபடி பூக்க வைத்திருந்தார்.

"நா எறங்க மாட்டேன்," என்றார். "பூ மேல கீது."

இப்போது என்னை அரிக்கிறதைச் சொல்கிறேன். போன கோடையிலிருந்து இந்தக் கோடை வரை அவர் அந்தப் படியில் ஏறி இறங்கினார். அதுதான் அவர் நெஞ்சுக்கு ஆகாமல் போனதா? அன்றைக்குச் சாயங்காலம் சுவரைப் பிடிக்காமல் ஓடி இறங்கினாரே, அப்போதே உள்ளே ஏதாவது விட்டுப்போயிற்றா? அடக்கத்தன்று அந்தோணியிடம் கேட்டுவிட்டேன். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"படியா? அண்ணே, குப்பத்துக்கு வந்தா ரெண்டாவது நாளே 'என் மாடிக்கு எப்பப் போவேன்'னு அதே பேச்சு. செத்த அன்னிக்குக் காலையிலகூட அதான். நீ வேற."

டாக்டரம்மாவையும் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். அப்படி இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே இருக்கப் பழக வேண்டும் போலிருக்கிறது.

அடக்கத்துக்கு நீங்கள் எல்லோரும் ரோஜா மாலை கொண்டுவந்தீர்கள். நான் அவருடைய பூவையே கொண்டுபோகலாம் என்று, மாடி ஜன்னலிலிருந்து நல்ல பெரிய கிளையாக ஒன்றை வெட்டி, வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினேன். சாந்தோம் ஹை ரோட்டில் கடல் காற்று. ஒவ்வொரு சிக்னலிலும் கொஞ்சம் பறந்தது. பின்னால் வந்த பஸ் கண்டக்டர் மேலெல்லாம் ரோஸ் இதழ். மாதா கோயில் வாசலில் இறங்கும்போது என் கையில் இருந்தது ஒரு குச்சியும், நுனியில் நாலு மொட்டும். வீசி எறியவும் மனமில்லை, கொடுக்கவும் வெட்கம். அந்தோணி என் கையிலிருந்து வாங்கி அக்காவின் விரல்களுக்கு இடையில் வைத்துவிட்டார். அக்கா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

நேற்றுக் காலை அவருடைய சாமான்களை ஒழிக்கலாம் என்று மாடிக்குப் போனேன். போகும்போது வழக்கம்போல மோட்டார் சுவிட்சைப் போட்டேன். நித்யா துக்கத்துக்கு வந்தவள் கீழேதான் இருக்கிறாள், குழந்தையோடு. மாடியில் கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் மாதா படம். ஜன்னல் திறந்தேதான் கிடந்தது. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஊதா மரம் முழுப் பூவில் இருந்தது. ரோஸ் மரத்தில் நான் வெட்டின இடம் மட்டும் மொட்டையாக இருந்தது. அதற்குக் கீழே கணுவில் புதுத் துளிர் சிவப்பாக வந்துகொண்டிருந்தது. கறுத்த வண்டு ஒன்று கொத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு வெளியே வரவில்லை. காற்றடித்தபோது இதழ்கள் சன்ஷேடில் விழுந்தன. மறுபடி அடித்தபோது அங்கிருந்து தெருவுக்குப் போயின. எதிர் வீட்டு மாமி வெறும் பையோடு நின்றிருந்தார். நான் கை காட்டினேன். அவரும் காட்டினார். இந்த மரங்களை நிதானமாக நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அக்காவிடமிருந்து எனக்கு மிச்சமாக இருப்பது என்ன என்று கேட்டால், நேற்றைய அந்த அரை மணி நேரம்தான். அதை நான் யாருக்கும் வாடகைக்கு விடப்போவதில்லை.

கீழேயிருந்து மல்லிகா கத்தினாள். "ஏங்க! தொட்டி ரொம்பி ஊத்துது! ஊருக்கெல்லாம் மோட்டார் பாக்கிற வீட்டுல மோட்டாரை அணைக்க ஆள் இல்லையா?"

அப்போதுதான் எனக்குத் தண்ணீர்ச் சத்தமே காதில் விழுந்தது. மேல் தொட்டியிலிருந்து சுவரோடு வழிந்து மரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தது. சித்திரை மாதம். மெட்ரோ தண்ணீர். நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூட இந்தத் தொட்டியை வழியவிட்டவன் இல்லை.

"அப்பா, மேல என்னதான் பண்றே?" என்று நித்யா வாசலுக்கு வந்து அண்ணாந்து கேட்டாள். இடுப்பில் குழந்தை, அதுவும் அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு பூவைப் பார்த்தது.

"சும்மாதாம்மா இருக்கேன்," என்றேன்.

எழுந்து போய் மோட்டாரை அணைக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.